பல்லி சத்தமும் ஒரு பல்பும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு எழுதப் போறது பாதி டெக்னிக்கல், பாதி குடும்பக் கதை. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டதால தனித்தனியா பிரிக்க முடியல. பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு முதல் பாதி தெரிஞ்ச விஷயமா இருக்கும், கொட்டாவி வந்தா மன்னிச்சுக்கங்க. மத்தவங்க பயப்பட வேண்டாம், வீட்டு பாஷையிலதான் சொல்லப் போறேன் :-)

முதல்ல ஒரு கேள்வி. உங்க வீட்டு வைஃபையில இப்ப எத்தனை சாமான் தொங்கிக்கிட்டு இருக்கு? கூகுளைக் கேக்காம, ரூட்டரைப் பாக்காம, மனசுக்குள்ளயே எண்ணிப் பாருங்க. நான் கேட்ட முக்கால்வாசிப் பேர் "ஒரு நாலு இருக்கும்"னுதான் சொன்னாங்க. உள்ள போய்ப் பாத்தா ஒன்பது இருக்கும், பதினொண்ணு இருக்கும். டிவி, பழைய டேப்லெட், ஸ்மார்ட் பிளக், பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்கு ஒருநாள் பாஸ்வேர்ட் வாங்கிட்டுப் போனது... எல்லாம் சேந்து வரும். இந்தக் கணக்குல ஒண்ணு கண்ணு வச்ச சாமானா இருந்தா? அதுதான் இன்னிய மேட்டர்.

கேமராவை நெட்டுல மாட்டுறது ஒண்ணும் புதுசு இல்லீங்க. 1991-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் லேப்ல காபி போடுற கெண்டி ஒண்ணு இருந்துச்சு. மாடி ஏறிப் போய்ப் பாத்தா காபி காலி. இந்தக் கடுப்புல ஒரு கேமராவை அதுக்கு நேரா நிறுத்தி, உக்காந்த இடத்துலேர்ந்தே காபி இருக்கா இல்லையான்னு பாத்தாங்க. 1993-ல அதை வெப்புல ஏத்திட்டாங்க, உலகமே அந்தக் கெண்டியைப் பாத்துச்சு. 2001 ஆகஸ்ட்ல அந்தக் கேமராவை அணைச்சாங்க. நடுவுல 1996-ல ஸ்வீடன்லேர்ந்து ஆக்சிஸ் கம்பெனி முதல் நெட்வொர்க் கேமராவைக் கடைக்குக் கொண்டுவந்துச்சு. காபிக் கெண்டியை வேவு பாக்க ஆரம்பிச்ச சமாச்சாரம், இன்னிக்கு கடிகாரத்துக்குள்ள, சார்ஜருக்குள்ள, பல்புக்குள்ள வந்து உக்காந்திருக்கு. எழுநூறு ரூபாய்க்குள்ள கேமராவும் வைஃபையும் சேந்த சிப் போர்டு கிடைக்குது.

இது விளையாட்டு இல்லன்னு புரியணும்னா தென்கொரியாவைப் பாக்கணும். 2019 மார்ச்ல அந்த ஊர் போலீஸ் ஒரு கும்பலைப் பிடிச்சாங்க. பத்து ஊர்ல, முப்பது லாட்ஜ்ல, டிவி பெட்டியிலயும் சுவர் பிளக்லயும் ஹேர் டிரையர் மாட்டுற ஸ்டாண்டுலயும் கேமரா ஒளிச்சு வச்சு, சுமார் 1,600 பேரைப் படம் பிடிச்சு, நெட்ல காசுக்கு விட்டிருக்காங்க. அதுக்கு முந்தின வருஷம், 2018-ல, இந்த மாதிரி ஒளி கேமராவை எதிர்த்து சியோல்ல பொண்ணுங்க ஆயிரக்கணக்குல தெருவுக்கு வந்தாங்க. வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குற ஏர்பிஎன்பி கம்பெனி, வீட்டுக்குள்ள எந்த இடத்துலயும் கேமரா கூடாதுன்னு 2024 ஏப்ரல் 30-லேர்ந்து உலகம் பூரா தடை போட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஹால் மாதிரி பொது இடத்துல, சொல்லிட்டு வச்சா சரின்னு இருந்துச்சு.

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி?

நெட்வொர்க்ல சேர்ற எந்தச் சாமானும் விலாசம் இல்லாம சேர முடியாது. ரூட்டர் அதுக்கு ஒரு ஐ.பி. நம்பர் குடுக்கும். தபால் காரர் மாதிரி, விலாசம் தெரிஞ்சாத்தான் கடுதாசி போய்ச் சேரும். அதனால ரூட்டர்கிட்ட எப்பவும் ஒரு பட்டியல் இருக்கும். பிரவுசர்ல 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடிச்சா ரூட்டரோட பக்கம் வரும். யூசர் நேம், பாஸ்வேர்ட் ரூட்டர் முதுகுலயே ஸ்டிக்கர்ல இருக்கும். உள்ள போய் டி.ஹெச்.சி.பி. லிஸ்ட்னோ கனெக்டட் டிவைசஸ்னோ இருக்கிறதைத் திறந்தா ஜாதகம் மொத்தமும் வந்துடும். ரூட்டர் பக்கமே போக பயமா இருக்கா? ஃபிங் மாதிரி ஒரு ஆப் போதும், போன்லயே பட்டியல் போட்டுக் காட்டும்.

பட்டியல்ல ஒவ்வொரு சாமானுக்கும் மேக் அட்ரஸ்னு பன்னிரண்டு எழுத்து-எண் இருக்கும். இதுல முதல் ஆறு, அதைச் செஞ்ச கம்பெனியோட முத்திரை. ஐ.இ.இ.இ. அமைப்புதான் கம்பெனிகளுக்கு இதைப் பிரிச்சுக் குடுக்குது. மதுர வண்டியா, சென்னை வண்டியான்னு நம்பர் பிளேட்டைப் பாத்தே சொல்றோம்ல, அந்த மாதிரி. முதல் ஆறை நெட்ல தேடினா கம்பெனி பேர் வந்துடும். கேமரா மட்டுமே செய்யுற கம்பெனி பேர் வந்துச்சுன்னா விஷயம் முடிஞ்சுது.

ஆனா இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, 2019-ல வந்த ஆண்ட்ராய்டு 10-லேர்ந்தும், 2020-ல வந்த ஐ.ஓ.எஸ். 14-லேர்ந்தும் போனுங்க மேக் அட்ரஸை தானா மாத்திச் சொல்லுது. நம்ம பாதுகாப்புக்குத்தான். அந்த மாதிரி போலி நம்பரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: இடமிருந்து ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நாலுல ஒண்ணா இருந்தா அது மாத்திச் சொன்ன நம்பர். பெரும்பாலும் போன், லேப்டாப். கேமராவுங்க இந்த வேலையெல்லாம் சாதாரணமா செய்யறதில்ல, சொந்த நம்பரோடதான் வரும். ரெண்டாவது சிக்கல் கொஞ்சம் பெருசு. மலிவு கேமராவுல இருக்கிற வைஃபை சிப்பும், ஸ்மார்ட் பல்புல, ஸ்மார்ட் பிளக்ல இருக்கிற சிப்பும் பல நேரம் ஒரே கம்பெனி. பட்டியல்ல எஸ்பிரஸிஃப்னு பேர் வந்தா அது பல்பாவும் இருக்கலாம், பால்கனியில செடிக்குத் தண்ணி ஊத்துற மெஷினாவும் இருக்கலாம், கேமராவாவும் இருக்கலாம். பேர் மட்டும் வச்சு கல்யாணம் முடிக்க முடியாது.

அடுத்தது போர்ட். ஒரு சாமானுக்கு ஐ.பி. நம்பர் வீட்டு விலாசம்னா, போர்ட் அந்த வீட்டோட கதவு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதவு. வீடியோ ஓடவிடுற ஆர்.டி.எஸ்.பி. முறைக்கு வழக்கமான கதவு 554. சிலது 8554 வைக்கும். வெவ்வேறு கம்பெனி கேமராவும் ஒண்ணோட ஒண்ணு பேசணும்னு ஆக்சிஸ், பாஷ், சோனி மூணும் சேந்து 2008-ல ஆன்விஃப்னு ஒரு பொது முறை ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு சாமான் இன்னொண்ணைத் தேடுறது 3702 வழியா. ஒரு சாமான்ல எந்தக் கதவு திறந்திருக்குன்னு தட்டிப் பாக்குறதுக்கு என்மேப் இருக்கு. 1997-ல வந்த இலவச மென்பொருள், இன்னிக்கும் ராஜா. 2003-ல வந்த மேட்ரிக்ஸ் ரீலோடட் படத்துல டிரினிட்டி கரண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள நுழையறப்போ திரையில ஓடுறது இதுதான். டிரினிட்டி அளவுக்கு நாம போக வேண்டாம், நம்ம வீட்டுக் கதவை மட்டும் தட்டினா போதும் :-)

554 திறந்திருந்தா அது பல்பு இல்ல, ஸ்விட்சும் இல்ல. ஆனா 554 மூடியிருக்குன்னு நிம்மதி ஆகிடவும் கூடாது. மலிவு கேமரா நிறைய, உள்ளுக்குள்ள எந்தக் கதவையும் திறக்காது. அதுவே வெளிய இருக்கிற கம்பெனி சர்வரைக் கூப்பிட்டுப் பேசும். போன் ஆப்பும் அதே சர்வரைக் கூப்பிடும், சர்வர் ரெண்டு பேரையும் கோத்து விடும். கதவு மூடி, ஜன்னல் வழியா பேசுற கதை. இதைப் பிடிக்கணும்னா கணக்கு பாக்கணும். சாதாரண சாமான் எல்லாம் உள்ள வாங்குறது அதிகம், வெளிய அனுப்புறது கம்மி. டிவி அப்படித்தான். யாராவது பாத்துக்கிட்டு இருக்கிற கேமரா மட்டும் வாங்குறதை விட அனுப்புறது பல மடங்கு இருக்கும். சில ரூட்டர் இந்தக் கணக்கைத் தனித்தனியா காட்டும். இன்னொரு அழகான விஷயம்: வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது, மாறின பகுதியை மட்டும்தான் பெரும்பாலும் அனுப்பும். வெறும் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தா தரவு கம்மி. நீங்க குறுக்க நடந்தா, கையை ஆட்டினா சட்டுனு ஏறும். அதனால கணக்கைப் பாத்துக்கிட்டே ஒரு ஆளை ரூம் ரூமா நடக்கச் சொன்னா, எந்த ரூம்ல நடக்கும்போது ஏறுதோ அந்த ரூம்ல கண்ணு இருக்கு. வீடியோ என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் இந்த ஏத்த இறக்கத்தை மறைக்க முடியாது.

இப்ப குடும்பக் கதை.

போன வருஷம் மதுரைக்குப் போயிருந்தப்போ சித்தி வீட்டுல ரெண்டு நாள் தங்கினேன். சித்தப்பா தவறி ஒண்ணரை வருஷம் ஆச்சு. சித்தி தனியாத்தான் இருக்காங்க. தம்பி, அதாவது சித்தி மகன், வெளிநாட்டுல. "ஏப்பா, நெட்டு சுத்திக்கிட்டே நிக்குது. நாடகம் முக்கியமான கட்டத்துல நின்னுருது. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, என்னன்னு பாரு"ன்னாங்க. பொட்டி தட்டுறவனுக்கு ஊர்ல இருக்கிற ஒரே மரியாதை இதுதான்.

ரூட்டர் ஸ்டீல் பீரோ மேல, ஓரத்துல, பழைய ஆல்பத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சு. சிக்னல் எப்படி வரும்? எடுத்து ஷெல்ஃப்ல வச்சதும் நாடகம் ஓட ஆரம்பிச்சுருச்சு. வேலை அவ்வளவுதான். இருந்தாலும் வந்தது வந்தோம்னு பட்டியலைத் திறந்தேன். என் போன், என் லேப்டாப், சித்தி போன், டிவி, செட் டாப் பாக்ஸ். அஞ்சு. பட்டியல்ல ஆறு இருந்துச்சு. ஆறாவதுக்குப் பேரே இல்ல. மேக் அட்ரஸைத் தேடினா ஒரு வைஃபை சிப் கம்பெனி. என்மேப் விட்டுப் பாத்தேன். 554 திறந்திருக்கு.

வயித்துல லேசா புளி கரைச்சுச்சு. தனியா இருக்கிற பொம்பளை. போன மாசம்தான் ஏசி மாட்ட ஆள் வந்துட்டுப் போனாங்கன்னு சித்தி சொன்னது ஞாபகம் வந்துச்சு. மாடியில குடியிருக்கிறவங்க, வேலைக்கு வர்றவங்கன்னு ஒவ்வொரு முகமா மனசுல ஓடுச்சு. யாரையும் சந்தேகப்படுறது எவ்வளவு சுலபம்னு அந்த அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுது.

எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க பெரிய வித்தை ஒண்ணும் தேவைப்படல. லேப்டாப்ல அந்த ஐ.பி. நம்பருக்கு நிக்காம பிங் ஓடவிட்டேன். வினாடிக்கு ஒருதடவை "இருக்கியா?"ன்னு கேக்கும், அது "இருக்கேன்"னு சொல்லும். அப்புறம் வீட்டுல ஒவ்வொரு ஸ்விட்சா அணைச்சேன். படுக்கை ரூம், பதில் வருது. சமையல்கட்டு, வருது. ஹாலுல டிவி பிளக், வருது. ஹாலுல நடு சுவர்ல ஒரு ஹோல்டர், அதுல ஒரு வெள்ளை பல்பு. அந்த ஸ்விட்சை அணைச்சதும் பதில் நின்னுருச்சு. போட்டேன். முக்கால் நிமிஷத்துல திரும்ப வந்துச்சு. ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தா பல்புக்கு நடுவுல கறுப்பா ஒரு கண்ணு.

"சித்தி, இந்தப் பல்பு யாரு மாட்டினது?"

"அதுவா? உன் தம்பி. போன தடவ வந்தப்ப மாட்டிட்டுப் போனான். கரண்டு மிச்சமாகுமாம். ஸ்விட்சை மட்டும் அணைக்காதம்மான்னு சொன்னான். அதான் தொடுறதே இல்ல. ஏன், ஃபீஸ் போயிருச்சா?"

நான் என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். தம்பிக்கு முதல்ல போன் போட்டுக் கேக்கலாம். சித்திகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு சத்தமில்லாம பிரச்சினையை முடிக்கலாம். குடும்பத்துல நாம எல்லாரும் செய்யுறது அதுதானே, பெரியவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அவங்க தலைக்கு மேல நாமளே பேசி முடிவு பண்றது. ஆனா அது அவங்க வீடு. அவங்க தலைக்கு மேல ஏற்கெனவே ஒண்ணு தொங்கிக்கிட்டு இருக்கு, ரெண்டாவதா நானும் வேணாம்னு தோணுச்சு. சொல்லிட்டேன்.

சித்தி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, "அப்ப சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல டிக்குனு ஒரு சத்தம் வருமே, அது இதுதானா? பல்லி சொல்லுதுன்னுல்ல நெனச்சேன். நல்ல சகுனம்னு தம்பிகிட்ட கூட சொன்னேன்."

வெளிச்சம் குறைஞ்சதும் கேமரா ராத்திரி பார்வைக்கு மாறும். அப்ப லென்சுக்குப் பின்னாடி, சென்சாருக்கு முன்னாடி இருக்கிற சின்ன ஃபில்டர் ஒண்ணு நகரும். அந்த டிக். பல்லி சொன்ன சகுனத்தை அவன்கிட்டயே சொல்லியிருக்காங்க. அவன் ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டான்.

சித்திக்கு முழங்கால் வலி. சித்தப்பா போனதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள படுக்கப் பிடிக்காம ஹாலுலதான் கட்டில் போட்டிருக்காங்க. குளிச்சுட்டு வந்து புடவை கட்டுறது கூட ஹாலுலதான், கதவைத் தாழ் போட்டுட்டு. அதை அவங்க சொல்லல. நானும் கேக்கல. ரெண்டு பேருமே கட்டிலைப் பாத்தோம். அவங்க கேட்டது வேற ஒண்ணு.

"ராத்திரியில நான் உக்காந்து அழுவேன்யா சில நாளு. காலையில அவன் போன் பண்ணா, நல்லா தூங்கினேன்னு சொல்லுவேன். அவனும் சரிம்மாம்பான். அதையெல்லாம் பாத்துட்டுத்தான் கேட்டானா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. என்மேப்ல இதுக்கு ஆப்ஷன் கிடையாது.

அன்னிக்கு ராத்திரி தம்பிகிட்ட பேசினேன், சித்தியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான். எனக்குக் கோவம் இருந்துச்சு. அவன் சொன்னதைக் கேட்டதும் பாதி இறங்கிருச்சு. சித்தப்பா பாத்ரூம்ல விழுந்தது ராத்திரி. சித்தி அப்ப ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாங்க. மறுநாள் காலையில பால்காரர் மணி அடிச்சுப் பாத்துட்டு, கதவு திறக்கலைன்னு சத்தம் போட்டப்புறம்தான் தெரிஞ்சுது. "அம்மாவும் அப்படி விழுந்து கிடந்தா எனக்கு யாருண்ணே சொல்லுவா? கேமரான்னு சொன்னா அம்மா வேண்டாம்னு சொல்லிரும். அதான் சொல்லல. தினம் பாக்கறதெல்லாம் இல்லண்ணே, போன் எடுக்கலைன்னா மட்டும் திறந்து பாப்பேன்"னான். குரல் உடைஞ்சு போச்சு.

சித்தி போனை வாங்கி ஒரே வரிதான் சொன்னாங்க. "நீ பாக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லடா, பெத்த பிள்ள. சொல்லிட்டுப் பாத்திருக்கலாம்ல?"

நான் அவன்கிட்ட கேட்டது இன்னொரு கேள்வி. "நீ மட்டும்தான் பாத்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" ஆப் பேர் என்ன, கம்பெனி எந்த ஊர், வீடியோ எந்த சர்வருக்குப் போகுது, கேமராவோட பாஸ்வேர்டை மாத்தினானா? எதுக்கும் அவன்கிட்ட பதில் இல்ல. ஆன்லைன்ல மலிவா வந்துச்சு, வாங்கினான், மாட்டினான். 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் வந்துச்சு. அது பெரிய ஹேக்கிங் வித்தை எதுவும் காட்டல. கம்பெனி போட்டுக் குடுத்த யூசர் நேம்-பாஸ்வேர்ட் ஜோடி அறுபதை வச்சுக்கிட்டு, உலகத்துல இருக்கிற கேமரா, டி.வி.ஆர்., ரூட்டர்னு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துச்சு. லட்சக்கணக்குல திறந்துச்சு. அந்தப் பட்டாளத்தை வச்சு 2016 அக்டோபர் 21-ல டின் கம்பெனியைத் தாக்கினப்போ ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் அமெரிக்காவுல படுத்துருச்சு. பாஸ்வேர்ட் மாத்தாத கேமரா, வாசல் கதவைத் திறந்து போட்ட வீடு மாதிரிதான். பையனுக்காகத் திறந்த கதவுல யார் வேணா வரலாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் சொல்லிடறேன், ஏன்னா எல்லார் வீட்டுலயும் மாட்டினது மகனா இருக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66 ஈ பிரிவு, ஒருத்தரோட அந்தரங்க உறுப்புகளை அவங்க சம்மதம் இல்லாம, அவங்க அந்தரங்கத்தை மீறுற மாதிரி படம் பிடிச்சாலோ பரப்பினாலோ மூணு வருஷம் வரை ஜெயில், ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். 2009-லேர்ந்து அமல்ல இருக்கு. பொண்ணுங்களை ஒளிஞ்சு பாக்கறது, படம் பிடிக்கிறது 2013-ல இந்திய தண்டனைச் சட்டத்துல 354 சி-யா வந்துச்சு. 2024 ஜூலை 1-லேர்ந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவுல 77-வது பிரிவு. முதல் தடவைன்னா ஒண்ணுலேர்ந்து மூணு வருஷம், திரும்பச் செஞ்சா மூணுலேர்ந்து ஏழு வருஷம். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-ல புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல சொல்லியாச்சு. வீட்டுக்குள்ள ஹாலுல கட்டில் போட்டுப் படுத்திருக்கிற அம்மாவுக்கும் அது உண்டு.

வாடகை வீட்டுலயோ, லாட்ஜ்லயோ, ஹாஸ்டல்லயோ கண்டுபிடிச்சீங்கன்னா ஆத்திரத்துல பிடுங்கி எறியாதீங்க. அது சாட்சி. அது இருக்கிற இடத்தோட போட்டோ, வீடியோ எடுங்க, ஒரு துணியைப் போட்டு மூடுங்க, இடத்தை விட்டு வெளிய வாங்க, போலீசைக் கூப்பிடுங்க. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. அதோட பாஸ்வேர்டை ஊகிச்சு உள்ள நுழையற வேலை வேண்டாம், அது நம்ம மேலயே கேஸ் ஆகும். அடுத்தவங்க நெட்வொர்க்கை என்மேப் போட்டுக் குடையறதும் அப்படித்தான். உங்க வீடு, இல்ல அனுமதி குடுத்தவங்க வீடு, அதோட நிறுத்திக்கங்க.

நெட்வொர்க் பட்டியல் எல்லாத்தையும் காட்டிக் குடுக்கும்னு நினைக்காதீங்க. மெமரி கார்டுல பதிவு பண்ணிட்டு அப்புறம் வந்து எடுத்துட்டுப் போற கேமரா நெட்டுலயே இருக்காது. சிம் போட்ட கேமரா உங்க ரூட்டர் பக்கமே வராது. சிலது தானே ஒரு வைஃபை போடும், அதை போன்ல வைஃபை லிஸ்ட்ல, புரியாத எழுத்தும் நம்பருமா, சிக்னல் மட்டும் பலமா இருக்கிற ஒண்ணாப் பாக்கலாம். லாட்ஜ் வைஃபையில ஒரு சாமான் இன்னொண்ணைப் பாக்க முடியாதபடி தடுத்திருப்பாங்க, ஃபிங் ஆப்ல உங்க போனும் ரூட்டரும் மட்டும்தான் தெரியும். அதை வச்சு ரூம் சுத்தம்னு முடிவு பண்ணக் கூடாது.

அங்க கண்ணுதான் உதவும். லைட்டை எல்லாம் அணைச்சுட்டு டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு மெதுவா சுத்திப் பாருங்க. லென்ஸ் எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஒரு புள்ளியா மின்னும். கடிகாரம், புகை டிடெக்டர், சார்ஜர், கட்டிலுக்கு நேரா எது பாத்துக்கிட்டு இருக்கோ அது. ராத்திரி பார்வை கேமராவுல இன்ஃப்ரா ரெட் விளக்கு இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்குப் பல நேரம் தெரியும். முதல்ல டிவி ரிமோட்டை போன் கேமராவுக்கு நேரா பிடிச்சு பட்டனை அமுக்குங்க. ஊதாவா மின்னுச்சுன்னா உங்க போன் இதுக்கு லாயக்கு. பின் கேமராவுல தெரியலைன்னா செல்ஃபி கேமராவுல பாருங்க. அப்புறம் இருட்டு ரூமை அதே கேமராவால சுத்திப் பாக்கலாம். 2021-ல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் கொரியாவோட யோன்செய் பல்கலைக்கழகமும் சேந்து, சில போன்கள்ல இருக்கிற தூரம் அளக்குற லேசர் சென்சாரை வச்சே லென்சைக் கண்டுபிடிக்கிற முறை ஒண்ணு செஞ்சு காட்டினாங்க. இன்னும் அது எல்லார் கையிலயும் வரல. டார்ச் எல்லார் கையிலயும் இருக்கு.

சித்தி வீட்டுல கடைசியில என்ன ஆச்சு? தம்பிக்கு விடுற மாதிரி இல்ல, சித்திக்கும் அவன் பயம் புரிஞ்சுது. ரெண்டு நாள் பேச்சுவார்த்தை. ஹாலுல இருந்த பல்பு போச்சு, அந்த இடத்துல நிஜ பல்பு. கேமரா வேணும்னா வாசல் கேட்டைப் பாத்து ஒண்ணு, பாஸ்வேர்ட் மாத்தி, யார் கம்பெனின்னு பாத்து வாங்கி மாட்டியாச்சு. கழுத்துல மாட்டிக்கிற அவசர பட்டன் ஒண்ணு வாங்கலாம்னு தம்பி சொன்னான். "மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி"ன்னு சித்தி திட்டிட்டு, அப்புறம் தலகாணிக்குப் பக்கத்துல வச்சுக்க ஒத்துக்கிட்டாங்க. மாடி வீட்டு அக்கா காலையில ஏழு மணிக்கு ஒரு குரல் குடுப்பாங்க. முக்கியமா, தம்பி இப்ப நல்லா தூங்கினியான்னு கேக்கறதில்லையாம். "ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்கின?"ன்னு கேக்கறான். சித்தியும் உண்மையைச் சொல்றாங்க.

வெளிநாட்டுல, வெளியூர்ல இருந்துக்கிட்டு அப்பா அம்மாவைக் கேமராவுல பாக்கறவங்க உங்கள்லயும் நிறையப் பேர் இருப்பீங்க. அந்தப் பயம் எனக்கும் உண்டு, எங்க அப்பாவும் எழுபது தாண்டியாச்சு. தப்புன்னு சொல்ல வரல. ஆனா எங்க இருக்கு, எப்ப பாப்பேன், எப்படி அணைக்கிறதுங்கிற மூணையும் அவங்ககிட்ட சொல்லிட்டு மாட்டுங்க. வேண்டாம்னு சொன்னா ஏன் வேண்டாம்னு கேளுங்க. நாம சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவங்க கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்திருப்பாங்கதான். ஆனா அவங்க சின்னப் பிள்ளைங்க இல்ல.

பி.கு.: ரூட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு இருந்தா கேமரா, பல்பு, பிளக் மாதிரி சாமானை எல்லாம் அதுல போடுங்க. உங்க லேப்டாப், பேங்க் ஆப் இருக்கிற போன் எல்லாம் மெயின்ல இருக்கட்டும். ரூட்டர்ல யு.பி.என்.பி. ஆன்ல இருந்தா அணைச்சுடுங்க, அது உங்களைக் கேக்காமலே வெளிய கதவு திறந்து விடும். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கினா போதும், வீட்டுப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி முடிச்சுடலாம். பேர் தெரியாத ஒண்ணு மிஞ்சினா, ஸ்விட்ச் ஸ்விட்சா அணைச்சுப் பாருங்க.